கற்றதை ஒளிக்காத மகாவித்துவான்

காவிரியும் கொள்ளிடமும் வளஞ்செய்யும் திருச்சிராப்பள்ளி வட்டாரம் தமிழுலகுக்கு அளித்த பெரும்புலவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவர். பிள்ளைத்தமிழும் அந்தாதியும் கோவையும் கலம்பகமுமாக நூல்களைப் பொழிந்தவர். எனினும் அவருடைய கவித்திறத்தைப் போற்றுவது ஈண்டு நம் நோக்கமன்று. தாம் படித்த நூலைத் தம்மோடு படிப்பாரும் அடையவேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் அவர் நடந்துகொண்ட முறையே நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில், அதிலும் எழுத்தை அணுகவிடாமல் பல தலைமுறைகள் தடுக்கப்பட்ட நம் சமூகத்தின் மலரில், ஒரு சைவப் புலவரின் வாழ்வுக்கு என்ன இடம் என்று நம் இளைஞர்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை இக்கட்டுரையின் போக்கிலேயே கிடைக்கும்.

இளமையும் ஏட்டுப் பஞ்சமும்

மதுரையிலிருந்து திருச்சிப் பக்கம் குடிபெயர்ந்த சிதம்பரம் பிள்ளை என்பவருக்கும் அன்னத்தாச்சிக்கும் மகனாக, 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள், திருச்சியை அடுத்த அதவத்தூரில் மீனாட்சிசுந்தரம் பிறந்தார். பின்னர் அக்குடும்பம் அருகிலுள்ள சோமரசம்பேட்டையில் வாழ்ந்தது. தந்தையாரே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர். மகனுக்கும் முதல் ஆசிரியர் அவரே. பதினைந்து வயதளவில் மகன் தந்தையை இழந்தார். செல்வம் இல்லை, தாங்குவார் இல்லை. தமிழ்ப் படிப்பின்மீது கொண்ட தணியாத வேட்கை ஒன்றே எஞ்சியிருந்தது. அவ்வேட்கை அவரைத் திருச்சி நகரத்துக்கு இழுத்து வந்தது.

அக்காலத்து நூல் நிலை இன்றைய இளைஞர்களுக்கு எளிதில் விளங்காது. அச்சுப் புத்தகங்கள் மிக அருகியே கிடைத்தன. இலக்கியமும் இலக்கணமும் பெரும்பாலும் பனையோலையிலேயே இருந்தன. ஒரு நூலைப் படிக்க விரும்புவோர் முதலில் அதன் ஏடு எவரிடம் உள்ளது என்று தேடி அறியவேண்டும்; பின்னர் அவர் மனம் இரங்கும் வரை காத்திருக்கவேண்டும்; இரங்கிக் கொடுத்தால் எழுத்தாணி கொண்டு ஓலையில் படியெடுத்து, குறித்த நாளில் மூல ஏட்டைத் திருப்பித் தரவேண்டும். ஏடு வைத்திருந்தோருள் பலர் அதைப் பிறர்க்குக் காட்டவே அஞ்சினர். அறிவு பகிர்ந்தால் தம் மதிப்புக் குறையும் என்று எண்ணியோரும் உண்டு. படிப்பாரின்றிப் பூச்சி அரித்த சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட குடும்பங்களும் தமிழ்நாட்டில் இருந்தன. ஒளித்து வைத்த ஏடு வைத்திருந்தவருக்கும் பயன்படாமல் செல்லுக்கும் வெள்ளத்துக்குமே இரையாயிற்று.

அந்தச் சூழலில் இளைஞர் மீனாட்சிசுந்தரம் ஒருவரையே குருவாகக் கொண்டு அமர்ந்துவிடவில்லை. எவரிடம் எந்த நூல் உண்டோ அவரிடம் சென்றார். வேலாயுத முனிவரிடம் பாடங் கேட்டார். உறையூர் முத்துவீர உபாத்தியாயரிடம் இலக்கண ஐயங்களைத் தெளிந்தார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களை அடுத்தும் கற்றார்.

பரதேசியிடம் கற்ற அணியிலக்கணம்

அவர் கற்ற வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடுவது தண்டியலங்காரத்தைப் பெற்ற செய்தி. செய்யுளுக்குரிய அணிகளைக் கூறும் அந்நூலைக் கற்பிக்க வல்லார் அந்நாளில் திருச்சியில் எளிதாகக் கிடைக்கவில்லை. வீடுதோறும் இரந்துண்டு திரிந்த பரதேசி ஒருவர் அந்நூலில் வல்லவர் என்று அவர் கேள்வியுற்றார். அப்பரதேசியோ கடுஞ் சினமும் செருக்கும் உடையவர். எவரையும் அருகே சேர்க்காதவர். மீனாட்சிசுந்தரம் அவரைத் தேடிக் கண்டு, அவர் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து, வேண்டிய பணிவிடைகளைச் செய்து, மனம் இளகும் வேளை பார்த்துச் சிறிது சிறிதாக அந்நூலைப் பாடங் கேட்டு முடித்தார்.

பிறப்பும் தோற்றமும் செல்வமும் பார்த்து மனிதரை மதித்த நாட்டில், தெருவில் இரந்து திரிந்தவரை ஆசிரியராக ஏற்று வணங்கிய செய்கை இது. அறிவு எங்கே இருந்தாலும் அங்கே சென்று பணியவேண்டும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். அவ்வாறு அரிதிற் பெற்றவர் பிறகு தாமும் ஏட்டைக் கட்டி வைத்திருக்கலாம். தம்மைத் தேடி வந்தோரைத் தாம் அலைந்ததுபோல் அலைய விட்டிருக்கலாம். உலகில் பெரும்பாலும் நடப்பது அதுவே. பிள்ளையவர்கள் அதற்கு நேர்மாறாக நடந்தார்.

திண்ணையில் திறந்த கல்வி

திருச்சியில் வாழ்ந்த காலத்திலேயே அவரைச் சுற்றி மாணவர் கூட்டம் பெருகிற்று. ஸ்ரீரங்கத் தீவில் உள்ள திருவானைக்காவின் இறைவியைப் பற்றி அவர் பாடிய அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் அவருடைய புகழை நிலைநாட்டியது. உறையூருக்குப் புராணமும் திரிசிராமலைக்கு யமக அந்தாதியும் இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனம் மகாவித்துவான் என்னும் பட்டத்தை அளித்தது. 1860ஆம் ஆண்டையொட்டி மாயூரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் மாணவர்கள் தொடர்ந்து வந்து சேர்ந்தனர்.

பாடங் கேட்க வந்தோரிடம் அவர் பொருள் எதிர்பார்த்ததில்லை. தம் வீட்டிலேயே உணவளித்தும் கற்பித்தார். அவர் இல்லமோ பெரும்பாலும் கடனில் ஓடிய இல்லம். காலையில் ஒரு நூல், மாலையில் ஒரு நூல் என்று பாடம் நடக்கும். தாம் அப்போது இயற்றிக்கொண்டிருக்கும் புராணத்தின் செய்யுள்களை வாயாற் சொல்ல, மாணவர் ஒருவர் ஓலையில் எழுதுவார். எழுதும்போதே நயங்களை அவர் விளக்குவார். ஆசிரியர் படிப்பதும் படைப்பதும் மாணவர் கண்முன்னேயே நிகழ்ந்தன.

அத்திண்ணையில் அமர்ந்தோர் யாவர்? திருச்சி மாவட்டத்துப் பூவாளூரைச் சேர்ந்த தியாகராச செட்டியார், நாகூர் முஸ்லிம் புலவர் குலாம் காதிறு நாவலர், கிறித்தவர்களான சவராயலு நாயகரும் சவேரிநாத பிள்ளையும், உத்தமதானபுரத்து அந்தணச் சிறுவர் சாமிநாதன் ஆகியோர் அவர்களுள் சிலர். திருச்சியை அடுத்த குளத்தூரிற் பிறந்த கிறித்தவரும் மாயூரத்து முன்சீப்புமான வேதநாயகம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர்; அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை என்னும் நூலே பாடினார். சமயத்தால் வேறுபட்டோர் ஒரே நூலைச் சுற்றி அமரலாம் என்பதற்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட சான்று இது.

நந்தனார் நின்ற வாசல்

இங்கே நம் சமூகத்தார் கருதவேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிப் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினார். அதில் இலக்கணப் பிழைகள் இருப்பதாகக் கருதிய மகாவித்துவான் உடன்படவில்லை. பெரியபுராணத்தில் இல்லாத வேதிய ஆண்டையைப் பாரதியார் புகுத்தியிருந்ததும் அவருக்கு ஒவ்வவில்லை. பாரதியார் பன்முறை வந்து காத்திருந்து திரும்பினார். ஒருநாள் பகலில் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனையைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். கோயிலுக்கு வெளியே நின்று உள்ளே வர இடமுண்டா என்று ஏங்கும் நந்தனின் குரல் அது. உள்ளிருந்து கேட்ட மகாவித்துவான் மனமுருகினார், வெளியே வந்தார், மறுத்துவந்த பாயிரத்தை எழுதிக் கொடுத்தார்.

பெரும்புலவர் தம் முடிவை மாற்றிக்கொண்டதும், ஏட்டில் பார்த்தபோது விளங்காதது காதாற் கேட்டபோது விளங்கியதும் போற்றத்தக்கவை. ஆயினும் நாம் உண்மையை முழுமையாகவே பேசவேண்டும். நந்தன் தீயில் மூழ்கித் தூய்மை பெற்ற பிறகே உள்ளே செல்ல முடிந்தது என்னும் கதையை நாம் ஏற்பதற்கில்லை. மனிதன் உள்ளே செல்லத் தீ வேண்டுவதில்லை. மகாவித்துவான் புகழ்ந்து பாடிய தலங்களின் கோயில்களுக்குள் நம் முன்னோர் நுழைய இயலாத காலம் அது. ஆலய நுழைவுக்கு வழிசெய்த சட்டங்கள் 1939ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலுமே சென்னை மாகாணத்தில் வந்தன. ஊர்த் திண்ணைப் பள்ளிகளும் பொதுவாக நம் குழந்தைகளை அமரவிட்டதில்லை. நந்தனின் குரலுக்கு உருகிய உலகம் நந்தனின் பேரப்பிள்ளைகளுக்குப் பலகையும் எழுத்தாணியும் கொடுக்க மேலும் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டது.

எனினும் நூல் நமக்கு அயலானதன்று. திருக்குறள் முதலிய நூல்களின் ஓலைச் சுவடிகளை எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ப்பித்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். அப்பண்டிதரே 1907ஆம் ஆண்டு சென்னையில் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். தாம் பழஞ்சுவடிகளிற் படித்தவற்றை 1914ஆம் ஆண்டு மறையும் வரை அதன் வாயிலாக எளிய மக்களுக்கு எடுத்துரைத்தார். வாசகர்கள் அனுப்பிய வினாக்களுக்கு விடை அளித்தார். மாயூரத்துத் திண்ணையில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு பைசாவில் கிடைத்த திண்ணை அவ்விதழ்.

மறைவும் தொடர்ச்சியும்

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில் மகாவித்துவானின் உயிர் பிரிந்தது. அவ்வேளையில் அவர் உடலைத் தாங்கியிருந்தவர் கிறித்தவ மாணவர் சவேரிநாத பிள்ளை. அருகில் திருவாசகம் படித்தவர் சாமிநாதர். அவர் விட்டுச் சென்ற சொத்து நிலபுலன் அன்று, கடனும் மாணவர்களுமே.

அம்மாணவர்கள் ஆசிரியரின் வழக்கத்தைக் கைவிடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் 1880ஆம் ஆண்டு ஓய்வுபெறும்போது, தம் ஆசிரியரிடம் பயின்ற சாமிநாதரை அவ்விடத்தில் அமர்த்தினார். அதே ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. ஒருவர் தாம் நாடும் நூலைப் பற்றி மற்றொருவரிடம் கேட்ட அந்த ஒரு வினாவிலிருந்து சிந்தாமணிப் பதிப்பு 1887ஆம் ஆண்டு பிறந்தது. சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் தொடர்ந்து வந்தன. ஊர் ஊராக நடந்து, ஏடு வைத்திருந்தோர் வாசலில் காத்திருந்து அவற்றை மீட்ட உ. வே. சாமிநாதையர், பரதேசியின் பின்னே நடந்தவரின் மாணவர் அல்லவா? அவரே தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார்.

நாம் கொள்ளவேண்டுவது

இளைஞர்களே! எழுத்து நம் வீடுகளுக்குள் வந்து நெடுங்காலம் ஆகவில்லை. நம்முள் பலர் குடும்பத்தில் முதலில் பள்ளி ஏறியவர்கள். பலர் அவர்களுடைய மக்கள். அரிதாக வந்த ஒன்றை ஒளித்துவைக்கத் தோன்றுவது இயல்பு. தேர்வுக்குரிய குறிப்பை நண்பனுக்குக் காட்டாமல் மறைப்பதும், வாங்கிய நூலை அலமாரியிற் பூட்டுவதும், படித்ததைப் பற்றி வாய் திறவாமல் இருப்பதும் அதன் வெளிப்பாடுகளே. ஆனால் நம்மிடமிருந்து கல்வியை மறைத்தவர்கள் செய்ததும் அதுவே. அவ்வழக்கத்தை நாமும் மேற்கொண்டால், நம் சேரிகளுக்குள்ளேயே படித்த வீடு, படியாத வீடு என்று புதியதொரு வேலி எழும்.

மகாவித்துவான் காட்டிய வழிக்குச் செல்வம் வேண்டுவதில்லை. அவரிடமும் அது இருந்ததில்லை. சங்கத்துக் கூட்டம் முடிந்தபின் ஒவ்வொருவரும் தாம் இப்போது படிக்கும் நூல் எது, அதில் விளங்கியது எது, விளங்காதது எது என்று சில நிமிடம் பேசலாம். விளங்காததைச் சொல்ல நாணவேண்டா. சிந்தாமணியை அறியேன் என்று ஒத்துக்கொண்டவரே அதைப் பதிப்பித்தார். நம்மினும் இளையவர் ஒரு நூலை அறிந்திருந்தால் அவரிடமே கேட்கலாம். எழுத்தறியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டலாம். அவர்கள் காதாற் கேட்டுச் சொல்லும் பொருள் நாம் கண்ணாற் கண்டதைவிட ஆழமாக இருத்தல் கூடும். படித்து முடித்த நூலைக் காத்திருக்கும் கைக்கு மாற்றலாம். பெற்றவர் உரிய நாளில் திருப்பித் தரலாம்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இன்று யாரும் நூலுக்காகப் பரதேசியின் பின்னே அலையவேண்டியதில்லை. பொது நூலகத்தின் வாயில் நமக்கும் திறந்தே இருக்கிறது. அங்கே செல்லும்போது தனியே செல்லாமல், இதுவரை அவ்வாயிலை மிதிக்காத தம்பி ஒருவனையோ தங்கை ஒருத்தியையோ உடன் அழைத்துச் செல்லுமாறு நம் உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.