பதினைந்து ரூபாய் ராபின்

குழந்தைகளே, ஒரு கூடையில் ஏழு நாய்க்குட்டிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? கொழுகொழுவென்று துள்ளி விளையாடும் குட்டியைத்தானே?

வடக்கே ஒருவர் அப்படிச் செய்யவில்லை. நாய் வாங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. குட்டிகளைப் பார்க்க வந்த தோழி ஒருவருடன் சும்மா நின்றுகொண்டிருந்தார். அழுக்குக் கூடையிலிருந்து குட்டிகளைக் கீழே விட்டார்கள். இருப்பதிலேயே சின்னது, எலும்பும் தோலுமாக இருந்தது, அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டு பாதங்களுக்கும் நடுவே சுருண்டு படுத்துக்கொண்டது. கடுங்குளிர் காலை. அவர் அதைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தாங்க முடியாத நாற்றம்! இருந்தாலும் பதினைந்து ரூபாய் கொடுத்து வாங்கினார்.

அவர்தான் ஜிம் கார்பெட். புலி வேட்டை என்றாலே நினைவுக்கு வரும் பெயர்.

1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ம் நாள், இமயமலை அடிவாரத்து நைனிடால் நகரில் பிறந்தார். இன்று அது உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அப்பா அஞ்சலக அதிகாரி. வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையை விட்டு இறங்கிக் காலாதுங்கி என்ற ஊருக்கு வந்துவிடும். சுற்றிலும் காடு. ஜிம்முக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

முதலில் உண்டிவில். பிறகு, குழல் வாய்வழியாக மருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்தது. இரட்டைக் குழலில் வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. துப்பாக்கி பிரிந்து விழாமல் இருக்கப் பித்தளைக் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு சின்னப் பையன் தனியாகக் காட்டுக்குள் போய்விடுவான். ஒரு நாள் இலந்தைப் புதர் ஒன்றை எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து புலி ஒன்று வெளியே வந்தது. திரும்பி அவனைப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் நடந்து போய்விட்டது. வண்டலூர் பூங்காவில் அகழிக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்று புலியைப் பார்த்திருப்பீர்களே, இந்தப் பையனுக்கு முன்னால் அகழி இல்லை! புலி காரணம் இல்லாமல் மனிதனைத் தொடாது என்று அவர் வாழ்நாள் முழுவதும் நம்பியதற்கு அந்தப் பார்வையும் ஒரு காரணம்.

நாய்களிடமும் அவருக்கு ஒரு கடன் இருந்தது. அவருக்கு ஆறு வயது, தம்பிக்கு நான்கு. கோபம் கொண்ட பெண் கரடி ஒன்று இருவர் மேலும் பாய வந்தது. வீட்டில் வளர்ந்த கோலி இன நாய்தான் அவர்களைக் காப்பாற்றியது. அதன் பெயர் ராபின். கூடையிலிருந்து வாங்கி வந்த குட்டியைக் குளிப்பாட்டி, வயிறு நிறையச் சாப்பாடு போட்டபின், அதன் பழைய பெயரான பிஞ்சாவை நீக்கிவிட்டு அவர் வைத்த பெயரும் ராபின்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் முடிந்ததும் பெரியவர்கள் நாட்டு நாய்களோடு முயல் வேட்டைக்குப் போவார்கள். நாங்களும் பின்னாலேயே ஓடுவோம். ஏரிக்கரையில் நாய்கள் வில்லாக வளைந்து ஓடும். எங்களுக்கு முயலைவிட நாயைப் பார்ப்பதில்தான் ஆசை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று முயலை வேட்டையாடினால் அது குற்றம்.

நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, காற்றைப் போன்ற வேகம். கார்பெட்டின் ராபின் ஸ்பேனியல் இனம். குட்டைக் கால், தொங்கும் காது. ஓட்டப் பந்தயத்தில் நம் சிப்பிப்பாறையிடம் தோற்றுவிடும். ஆனால் அதன் மூக்கு பொல்லாதது. புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பும். சுட்ட பறவையைத் தேடி எடுத்து வரும்.

ராபினுக்குத் துப்பாக்கிச் சத்தம் பழக வேண்டும் என்று ஒரு நாள் கார்பெட் வெளியே அழைத்துப் போனார். திடீரென்று ஒரு மயில் எழும்பவே, குட்டி கூட இருப்பதை மறந்து சுட்டுவிட்டார். (மயில் நம் தேசியப் பறவை ஆனது 1963-ல். அன்று அதைச் சுடத் தடை இல்லை.) முள் புதரில் விழுந்த மயிலை நோக்கி ராபின் பாய்ந்தது. தன்னைவிடப் பெரிய பறவையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை!

கார்பெட்டின் தொழில் வேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பீகாரில் கங்கைக் கரையில் இருக்கும் மொகாமா படித்துறையில் சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார். எங்காவது ஆட்கொல்லிப் புலி தொல்லை என்றால் அரசு அவரைக் கூப்பிடும்.

1907-ல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாயுன் மலையிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது. அதைத் தேடப் போகும் முன் அவர் இரண்டு நிபந்தனை போட்டார். அதன் தலைக்கு அறிவித்த பரிசை நீக்க வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்காகச் சுடுபவர் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை.

புலி செத்தபின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும், மேலும் கீழும், உடைந்திருந்தன. என்றோ, யாரோ சுட்ட குண்டு. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தேடி வந்திருக்கிறது. முதல் குற்றவாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் எட்டு ஆண்டுகள் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926-ல் ஒரு மாமரத்தின் மேல் உட்கார்ந்து சுட்டார். அந்தப் பக்கத்தில் இருட்டிய பிறகு யாரும் கதவைத் திறந்ததில்லை. ஆட்கொல்லிகளைத் தேடி அவர் பெரும்பாலும் தனியாகவே போவார். மற்ற நாட்களில் ராபின் கூட வரும்.

அப்படி ஒரு நாள், காயம்பட்ட சிறுத்தை ஒன்றைத் தேடி இருவரும் போனார்கள். காயத்தோடு ஒரு விலங்கை விட்டுவிட்டு வருவது கார்பெட்டுக்குப் பிடிக்காது. அது வலியில் துடிக்கும். நாளை ஆட்கொல்லியாகவும் மாறலாம். ராபின் மோப்பம் பிடித்தபடி முன்னே சென்றது. குரைக்காது, ஓடாது. நின்று தலையைத் தூக்கினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கார்பெட்டும் பேச மாட்டார்.

திடீரென்று புதரிலிருந்து சிறுத்தை உறுமிக்கொண்டு பாய்ந்தது. நொடிப் பொழுதுதான். கார்பெட் சுட்டார். சிறுத்தை விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ராபினைக் காணோம்!

ஆமாம், ஓடிவிட்டது. அத்தனை கிட்டத்தில் அப்படி ஒரு கோபத்தைப் பார்த்தால் மனிதர்களே ஓடுவார்கள். கார்பெட் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அமைதியாக உட்கார்ந்தார். வெகுதூரத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. எஜமானர் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் ராபின் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அவர் திட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. என் பள்ளிக்கூடத்து நாட்களில் பயந்த பிள்ளைகளை நானே சில முறை வைதிருக்கிறேன். இந்த இடத்தைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது.

1930-ல் பொவல்கட் என்ற இடத்துப் பெரிய ஆண்புலியைத் தேடி கார்பெட் காட்டில் அலைந்தபோது கூடவே போனதும் இந்த ராபின்தான்.

வயது ஏற ஏற, கார்பெட்டின் கையில் துப்பாக்கி குறைந்து கேமரா வந்தது. புலிகளைச் சலனப் படமாகவும் எடுத்தார். புலியைப் போலவே குரல் கொடுத்து அதை வரவழைக்கும் வித்தை அவருக்குத் தெரியும். காட்டை விட்டுவைத்தால்தான் புலி பிழைக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னார். 1936-ல் அவருக்குப் பழக்கமான அந்தக் காட்டில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவானது. அப்போது அதன் பெயர் ஹெய்லி பூங்கா.

காலாதுங்கிக்குப் பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்ற ஒரு கிராமத்தையே அவர் கவனித்துக்கொண்டார். காட்டு விலங்குகள் வயலுக்குள் வராமல் இருக்க ஊரைச் சுற்றி மதில் கட்டிக் கொடுத்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

1947-ல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போய்விட்டார். அங்கே நையேரி என்ற ஊரில் 1955 ஏப்ரல் 19 அன்று இறந்தார். அதன் பிறகுதான் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

1944-ல் வெளிவந்த அவரது முதல் புகழ்பெற்ற புத்தகத்தைத் தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் மூலத்தையே எடுங்கள். அத்தனை புலிகளுக்கும் நடுவே, பதினைந்து ரூபாய் ராபினுக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் இருக்கும். நான் முதலில் படித்தது அதைத்தான்.