இராமானுசனும் பகா எண்களும்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) எண் கோட்பாட்டில் உலகப்புகழ் பெற்ற தமிழகக் கணித மேதை ஆவார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய பெரும் பிழை ஒன்றும் அழகிய நிறுவல் ஒன்றும் பகா எண்களைப் பற்றியவை.

திருக்கோவிலூர்ப் பயணம்

கணிதம் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றார். 1909 இல் திருமணம் நடந்தது. வேலை தேடி 1910 இல் தொடர்வண்டியில் விழுப்புரம் வந்து, அங்கு வண்டி மாறித் திருக்கோவிலூர் சென்றார். அவ்வூர் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ளது. இந்தியக் கணிதக் கழகத்தை 1907 இல் நிறுவிய வி. இராமசாமி ஐயர் அங்கு துணை ஆட்சியராக இருந்தார். இராமானுசன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்த ஐயர், அத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கடைநிலையில் முடக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். ஆகவே விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை, தமிழகக் கணித வரலாற்றிலும் இடம்பெறத் தக்கதே.

பிழை

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபோது, சனவரி 16, 1913 அன்று கேம்பிரிட்ச் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கொடுக்கப்பட்ட ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைக் கிட்டத்தட்டத் துல்லியமாகத் தரும் சூத்திரம் தம்மிடம் உள்ளதாகக் கூறினார். அவர் கண்ட தொடர் வியக்கத்தக்கதுதான். 100 கோடிக்குள் உள்ள பகா எண்கள் 5,08,47,534. தொடர் தருவது 5,08,47,455. வேறுபாடு 79 மட்டுமே. ஆனால் பிழை எப்போதும் சிறிதாகவே இருக்கும் என்ற அவருடைய கூற்று தவறு. இரீமன் சீட்டா சார்பியத்தின் சிக்கலெண் சுழிகளை அவர் கணக்கில் கொள்ளவில்லை. நிறுவல் ஏன் தேவை என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நிறுவல்

1 ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே குறைந்தது ஒரு பகா எண்ணாவது உண்டு என்பது பெர்த்ராண்டு எடுகோள். செபிசேவ் இதனை 1852 இல் நிறுவியிருந்தார். 1919 இல் இராமானுசன் மிகச் சுருக்கமான புதிய நிறுவலை வெளியிட்டார். கட்டுரை இரண்டே பக்கம். அது வெளியானது இராமசாமி ஐயர் நிறுவிய கழகத்தின் இதழில் என்பது குறிப்பிடத்தக்கது. x இன் மதிப்பு 11 அல்லது அதற்கு மேல் எனில், x இன் பாதிக்கும் x க்கும் இடையே (x உட்பட) குறைந்தது இரண்டு பகா எண்கள் இருக்கும். 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து. 2, 11, 17, 29, 41 எனத் தொடரும் இவை இன்று இராமானுசன் பகா எண்கள் எனப்படுகின்றன.

டௌ சார்பியம்

1916 இல் அவர் ஆராய்ந்த டௌ சார்பியத்தின் மதிப்புகளில், குறியை நீக்கிப் பார்த்தால், முதன்முதலில் பகா எண்ணாக வருவது 63001 க்குரிய மதிப்பு. 63001 என்பது 251 இன் வர்க்கம். 26 இலக்கங்கள் கொண்ட அப்பகா எண் 80561663527802406257321747. இதனை டி. எச். இலேமர் 1965 இல் காட்டினார். இராமானுசன் மறைந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.