கயத்தாற்றில் கூடிய மன்றம்

கட்டபொம்மன் என்றதும் மீசையும் வாளும் நினைவுக்கு வரும். அந்த மாவீரனை இரண்டு விசாரணைகள் சந்தித்தன என்பதை எண்ணிப் பார்த்தோமா, தோழர்களே?

1760இல் பிறந்தான், 1790இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் பொறுப்பேற்றான். கப்பம் கேட்டது கும்பெனி. 1798இல் கலெக்டர் ஜாக்சன், பேச வா என்றழைத்து, ஊர் ஊராக அலையவிட்டு, செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் முகம் காட்டினான். அங்கே மோதல் மூண்டது. கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி மாண்டான். கட்டபொம்மன் தப்பினான், தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிக்கினார்.

வழக்கு சென்னைக்குப் போயிற்று. குழு அமைந்தது, கட்டபொம்மன் தரப்பையும் கேட்டது. தவறு கலெக்டருடையதே என்று கண்டது! ஜாக்சன் பதவியிழந்தான், பிள்ளை விடுதலையானார். அன்று கோட்டை நின்றது, கேட்க ஆளிருந்தது.

மறு ஆண்டு, 1799 செப்டம்பரில், மேஜர் பானர்மனின் பீரங்கி கோட்டையைப் பிளந்தது. பிள்ளையை நாகலாபுரத்தில் கொன்றார்கள். காட்டிலே ஒளிந்த கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தான். அக்டோபர் 16, கயத்தாறு. பாளையக்காரர்களை வரவழைத்து உட்கார வைத்தான் பானர்மன்; நீதி வழங்க அல்ல, கண்டு நடுங்க! கப்பம் கட்டவில்லை, காண வரவில்லை, படையைச் சுட்டான் என்பன குற்றங்கள். படை நடத்தியவனே குற்றம் சாட்டினான். அவனே தீர்ப்பும் தந்தான். கெஞ்சவில்லை கட்டபொம்மன். அன்றே புளியமரத்தில் தூக்கு!

வெள்ளையன் கொடியவன், அதனால் அப்படி என்று அமைதி கொள்ளலாமா? அதே பத்தாண்டில் பாரிசைப் பாருங்கள். மன்னராட்சியை மாய்த்த மக்கள் 1793இல் புரட்சி நீதிமன்றம் கண்டார்கள். 1794 ஜூனில் ரோபெஸ்பியர் அணி, குற்றவாளிக்கு வழக்கறிஞர் கூடாது எனச் சட்டமியற்றியது. ஜூலை 28இல் ரோபெஸ்பியரே விசாரணையின்றிக் கில்லட்டினுக்குப் போனான். வாய்ப்பூட்டு செய்தவன் வாய்க்கே அது வந்தது!

வடக்குப்பட்டிலிருந்து ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போகும் தோழனுக்கு இது புரியும். குற்றப் பத்திரிகை தருபவரே விசாரணை அதிகாரியை அமர்த்தும்போது, துணைக்கு ஒருவர் வேண்டும், சாட்சியைக் கேள்வி கேட்க உரிமை வேண்டும் என்கிறோமே, ஏன்? கயத்தாறு திரும்பக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்த உரிமையை, நாளை நாம் வென்று நாற்காலியில் அமரும்போது, நம்மை எதிர்த்தவனுக்கும் தர வேண்டும். தோற்றவன் பேசக் கிடைக்கும் நேரமே வென்றவனின் நேர்மைக்கு அளவுகோல். கட்டபொம்மனுக்குக் கிடைத்ததோ ஒரே நாள்!