எண்களின் ஒழுங்கு கண்ட இராமானுஜன்

2, 3, 5, 7, 11 என்னும் எண்களை எழுதி, அடுத்து வருவது யாதெனப் பரீட்சைத் தாளில் வினவினால், நம்மிற் பெரும்பாலோர் 13 என்றே விடையளிப்போம். அவை முதன்மை எண்கள் என்பது நமது முடிபு. ஆயினும் அதே ஐந்து எண்களுக்குப் பின் 15 வருகின்ற தொடரும் ஒன்று உண்டு. அத்தொடரினுள் மறைந்துகிடந்த ஒழுங்கை உலகறியச் செய்தவர் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன் ஆவர்.

அவர் 1887 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆந் திகதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றில் இலிகிதர். தாயார் கோமளத்தம்மாள் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் பெரும் பக்தி பூண்டவர். அப்பக்தி மகனிடத்தும் வேரூன்றியது. 1903 இல், சுமார் ஐயாயிரம் கணித முடிபுகளைத் திரட்டித் தந்த கார் என்பவரின் நூல் அவர் கைக்குக் கிட்டியது. அம்முடிபுகளைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் மூழ்கியவர் ஏனைய பாடங்களை மறந்தார். கும்பகோணம் கல்லூரியிற் பெற்ற புலமைப்பரிசிலை இழந்தார். சென்னையிலும் பரீட்சையிற் சித்தியெய்தினாரல்லர். 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா வேதனத்தில் இலிகிதரானார். மறு ஆண்டு தம் கண்டுபிடிப்புகளைக் கேம்பிறிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதியனுப்பினார். 1914 இல் கப்பலேறினார்.

நாம் மேலே குறித்த தொடர் எவ்வாறு பிறக்கிறது? 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். அவ்வாறே 5 ஐ 7 வகையாகவும், 6 ஐ 11 வகையாகவும், 7 ஐ 15 வகையாகவும் பிரிக்கலாம். மக்மேகன் என்னும் அறிஞர் 200 வரையுள்ள எண்களுக்கு இவ்வகைகளைக் கணித்து அட்டவணையாக்கியிருந்தார். 200 ஐப் பிரிக்கும் வகைகள் மாத்திரம் 3,972,999,029,388 ஆகும்.

அந்த அட்டவணையைப் பார்த்த இராமானுஜன் ஓர் அதிசயத்தைக் கண்டார். 4, 9, 14, 19 ஆகியவற்றுக்கு உரிய வகைகள் முறையே 5, 30, 135, 490. இவ்வாறு ஐந்தைந்தாகச் சென்றால் வருவன யாவும் 5 ஆல் மீதியின்றி வகுபடும். 7 க்கும் 11 க்கும் இத்தகைய ஒழுங்குகள் உள்ளன என்பதையுங் கண்டார். கண்டதோடு அமையாது, 5 க்கும் 7 க்கும் உரியவற்றை 1919 இல் நிறுவியும் வெளியிட்டார்.

ஆயின் இன்னொரு செய்தியையும் நாம் மறைத்தலாகாது. இவ்வொழுங்கு 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் செல்லும் என அவர் ஊகித்தார். அவ்வூகத்தின்படி 243 ஐப் பிரிக்கும் வகைகளின் தொகை, 7 இன் மூன்றாம் அடுக்காகிய 343 ஆல் வகுபட வேண்டும். அவர் பார்த்த அட்டவணையோ 200 உடன் முடிந்திருந்தது. ஹன்ஸ்ராஜ் குப்தா அதனை 300 வரை நீட்டியபின், 1934 இல் சௌலா என்னும் இந்தியக் கணித அறிஞர் அத்தொகை 49 ஆல் வகுபடுகிறது, 343 ஆல் வகுபடவில்லை என்று காட்டினார். 1938 இல் வாற்சன் 7 இன் அடுக்குகளுக்கு உரிய ஊகத்தைத் திருத்தி நிறுவினார்.

இதனால் மேதையின் பெருமை குன்றிவிடவில்லை. 1918 இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகி, நோயுற்று மறு ஆண்டு தாயகம் மீண்டு, 1920 ஏப்பிரல் 26 இல் 32 வயதிலேயே மறைந்த அவர், தம் திறமையின்மீது வைத்த நம்பிக்கையாலேயே உயர்ந்தார். எனினும் இருநூறு எண்கள் ஒத்துவரக் கண்டாலும் இருநூற்று நாற்பத்துமூன்றாவது மாறக்கூடும் என்பதை அவரது வரலாறே நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே நம் இளைஞர்கள் விடுபட்ட எண்ணைத் தேடும்போது, எண்களின் தோற்றத்தை மாத்திரம் நோக்காது, அத்தொடர் எவ்விதியாற் பிறந்தது என வினவுவார்களாக. விதி அகப்பட்டதும் அதனை நிறுவ முயல்வார்களாக. பெரியோரும் சரியான விடையைக் கேட்பதோடு நின்றுவிடாது, அவ்விடை வந்த வழியையும் பிள்ளைகளிடம் கேட்டறிதல் நன்று.