வெள்ளைக்காரர் குழுவுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த அப்துல்லா அரிஃப்

1920ஆம் ஆண்டுகளில் 'பினாங்கு இம்பிரஷனிஸ்ட்ஸ்' என்றோர் ஓவியக் குழு இயங்கியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் இங்கு வேலைக்கு வந்த ஐரோப்பியர்களின் மனைவியர். உள்ளூர் மக்களுக்கு அதில் இடமில்லை. விதிவிலக்காக இருவர் மட்டுமே உள்ளே போனார்கள். ஒருவர் செல்வந்தர் குடும்பத்துச் சீமாட்டி திருமதி லிம் செங் குங். மற்றவர் 1904இல் பினாங்கில் பிறந்த அப்துல்லா அரிஃப். அவரைப் போன்ற ஆசிரியர் அந்தக் குழுவுக்குத் தேவைப்பட்டார். அதனால்தான் கதவு திறந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், அவர் ஓவியக் கல்லூரிப் படியேறியவர் அல்லர். நீர்வண்ணத்தைத் தாமாகவே பழகிக்கொண்டவர். பின்னர் பினாங்குப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகவும் பணியாற்றினார். நம் நாட்டு நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர் என இன்று போற்றப்படுகிறார்.

நீர்வண்ணம் பிடிவாதமானது. தவறாகப் பூசிவிட்டால் எண்ணெய் வண்ணத்தைப் போல மேலே பூசி மறைக்க முடியாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். முதலில் வெளிர் நிறம், பிறகுதான் அடர் நிறம். நண்பகல் வெயிலில் சாயம் நொடியில் காயும். மழை ஈரத்தில் காயவே காயாது. ஆகவே திறந்தவெளியில் வரையப் பழகுகிறவர் ஒவ்வோர் இலையாக வரைந்துகொண்டிருக்க முடியாது. பெரிய உருவங்களை முதலில் பிடித்து, மனிதர்களை இரண்டு மூன்று இழுப்புகளில் நிறுத்திவிட வேண்டும்.

கெடா தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விடியற்காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். இருட்டில் முகங்கள் தெரியாது. தலைத்துண்டும் காண்டா வாளியும் வளைந்த முதுகும்தான் தெரியும். அதுவே ஒரு படத்துக்குப் போதும். ஆனால் அந்தக் காலத் தோட்டப்புறப் பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் தூரிகை இருந்தது? வண்ணப்பெட்டி துரை பங்களாவுக்கு உரிய பொருளாகவே இருந்தது.

அப்துல்லா அரிஃபின் வாழ்க்கையில் மறைக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையை முறியடித்தனர். சில நாட்களில் பினாங்கும் வீழ்ந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் 'பினாங்கு ஷிம்புன்' நாளிதழுக்குக் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். ஜப்பானியர் தரப்பில் நின்று போரைச் சொன்ன படங்கள் அவை. 1942இல் மலாய் மொழித் தலைப்போடு நூலாகவும் வெளிவந்தன. அடுத்த ஆண்டிலேயே கெடா தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தப் படங்களை அமைதியாகப் பார்த்துவிட முடியாது. அதே சமயம், வாள் முனையில் நடந்த ஆட்சியில் ஒரு பத்திரிகை ஓவியருக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது நியாயமாகாது.

போருக்குப் பின் அவர் மீண்டும் நிலக்காட்சிகளுக்கே திரும்பினார். அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், பிரதமராக 1958 ஆகஸ்டில் தேசியக் கலைக்கூடத்தைத் திறந்து வைத்தார். அடுத்த சில ஆண்டுகளிலும் அப்துல்லா அரிஃபின் தூரிகை ஓயவில்லை. 1960இல் அவர் வரைந்த ஈயச் சுரங்க ஓவியம், இந்நாட்டுக் கலை வரலாற்றைப் பேசும் நூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அரசர்களையோ அரண்மனைகளையோ அல்ல, மக்கள் பிழைத்த மண்ணையே அவர் அதில் வரைந்திருந்தார்.

1962இல் அவர் காலமானார். பினாங்கின் மற்றொரு நீர்வண்ண முன்னோடியான யோங் முன் சென் மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஆயர் ஈத்தாமில் ஒரு சாலை இன்றும் அப்துல்லா அரிஃபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுங்கை பட்டாணியிலிருந்து ஃபெரி ஏறிப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கலாம்.