சேமலாப நிதியைக் கொண்டுவந்த இலங்கரத்ன

மல்லாவி, துணுக்காய்ப் பக்கங்களில் மலையகத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் தோட்டத்தையும் லயத்தையும் விட்டு வன்னிக்கு வந்தவர்கள் இவர்களில் பலர். தோட்டத்தில் வெட்டப்பட்ட ஈ.பி.எஃப். காசு என்ன ஆனது என்ற கேள்வி இந்த வீடுகளுக்குப் புதிதல்ல. அந்தக் காசுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தவர் ரி.பி. இலங்கரத்ன. அவரது பெயர் இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

1913இல் கண்டி மாவட்டத்து ஹத்தரலியத்தவில் பிறந்தவர். அரச எழுதுவினைஞராகி, எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவரானார். 1947ஆம் ஆண்டுப் பெரிய வேலைநிறுத்தத்தில் அந்தச் சங்கம் முன்னுக்கு நின்றது. ஜூன் 5ஆம் திகதி ஊர்வலத்தின் மீது பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் இறந்தார். சிங்களவர் தலைமை தாங்கிய போராட்டத்தில் ஒரு தமிழர் உயிர் கொடுத்த நாள் அது. பத்து வருடம் கழித்து நாடு போன போக்கைப் பார்க்கையில் நம்பக் கடினமாக இருக்கிறது.

இலங்கரத்னவின் வேலையும் போனது. 1948 இடைத்தேர்தலில் கண்டியில் வென்றார். தேர்தல் வழக்கில் அந்த ஆசனமும் பறிபோக, 1949இல் அவரது மனைவி தமரா குமாரி அதே தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போனார். 1956இல் பண்டாரநாயக்க அரசில் இவர் தொழில் அமைச்சரானார்.

அந்தக் காலத்தில் ஓய்வூதியம் என்றால் அரச உத்தியோகத்தருக்குத்தான். கடையிலும் தொழிற்சாலையிலும் உழைத்த பெரும்பாலானோருக்கு முதுமையில் பிள்ளைகளின் கையே கதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இதை மாற்றியது. தொடக்கத்தில் சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 4, முதலாளி நூற்றுக்கு 6. இன்று 8, 12. நிர்வாகம் தொழில் திணைக்களத்திடம், பணம் மத்திய வங்கியிடம். இது மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அல்ல. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் கையில் கிடைக்கும் மொத்தத் தொகை.

இந்தச் சட்டம் பிரஜாவுரிமை கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியும் இந்த நிதிக்குள் வந்தார். செக்ரோலில் பெயர் இருந்தால் போதும். ஆனால் நிதியின் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களில்தான் போடப்படுகிறது. அதாவது, வாக்குரிமை பறிக்கப்பட்டவர்களின் கூலியில் வெட்டிய காசையும் அரசு கடனாக வாங்கிச் செலவழித்தது. வந்தேறிகள் நாட்டுக்குச் சுமை என்று மேடைகளில் பேசியவர்கள் இந்தக் கணக்கைச் சொன்னதில்லை.

இலங்கரத்னவையும் இதில் முழுதாக விடுவிக்க முடியாது. தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த அமைச்சரவையில் இருந்தவர். சேமலாப நிதி வந்த அதே 1958இல் தமிழர்கள் வெட்டப்பட்டபோதும் அவர் அமைச்சர்தான். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோதும் அரசில் இருந்தார். போகிறவர்கள் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. அவர் போட்ட சட்டத்தின் பலன், கப்பலேறியவர்களின் கையில் வழிச்செலவாகப் போனது.

1961இல் மக்கள் வங்கி உருவானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1963 - 64இல் சிறிது காலம் நிதியமைச்சர். 1970 - 77 காலத்தில் வர்த்தக அமைச்சர். மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. செத்தல் மிளகாய் விற்று வீடு கட்டிய வன்னிக் கமக்காரர் அதைச் சிறிமாவோ காலம் என்பார்கள். வர்த்தக அமைச்சரை யாரும் நினைப்பதில்லை. இடையில் நாவல்களும் எழுதினார். 1957இல் வந்த அம்ப யஹலுவோவை, ஏற்றத்தாழ்வைக் கடந்த இரு சிறுவரின் நட்பைச் சொல்லும் கதையை, சிங்களப் பிள்ளைகள் இன்றும் வாசிக்கிறார்கள். 1992இல் காலமானார்.

வன்னிக்கு வந்தவர்களுக்கு அந்த நிதி எளிதில் கைக்கு வரவில்லை. அடித்து விரட்டப்பட்டவர் விலகல் கடிதம் வாங்கிக்கொண்டு வரமாட்டார். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இருந்த துண்டுகளும் போயின. உறுப்பினர் இறந்திருந்தால் உரித்தாளிகள் இன்றும் தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். உறுப்பினர் இலக்கமோ தோட்டத்தின் பெயரோ தெரிந்தால் தேடுவது இலகு.

அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறை இப்போது அரிசி ஆலையிலும் கடையிலும் நாட்கூலிக்கு நிற்கிறது. நாட்கூலி, தற்காலிகம், துண்டுக்கூலி எதுவானாலும் முதல் நாளிலிருந்தே முதலாளி நிதிக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் அப்படித்தான். கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.