தனித்து நின்ற நீதிபதி ஹார்லன்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்வதே தீர்ப்பு. உடன்படாதவர் தம் காரணங்களைத் தனியே எழுதி வைக்கலாம். ஆனால் அதற்குச் சட்ட பலம் கிடையாது. அலுவலகக் கோப்பில் மேலதிகாரி ஏற்காத குறிப்பைப் போலத்தான். அத்தகைய குறிப்புகளாலேயே சரித்திரத்தில் நிலைத்தவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன்.

1833-ல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். வக்கீலான தந்தை, புகழ்பெற்ற தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் பெயரையே மகனுக்குச் சூட்டினார். குடும்பத்தில் அடிமைகள் இருந்தனர். உள்நாட்டுப் போரில் ஹார்லன் வடக்குப் படையில் கர்னலாகப் பணியாற்றினார். அது நாடு பிளவுபடக் கூடாது என்பதற்காகத்தான். அடிமை முறையை ஒழித்த 13-வது அரசியல் சட்டத் திருத்தத்தை அவர் எதிர்க்கவே செய்தார். பின்னர் மனம் மாறி, 1871-ல் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டபோது தம் பழைய நிலை தவறு என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அந்தத் தேர்தலிலும், 1875-லும் தோற்றார். 1877-ல் ஜனாதிபதி ஹேய்ஸ் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார்.

விடுதிகள், நாடக அரங்குகள், ரயில்கள் ஆகியவற்றில் நிறபேதம் கூடாது என்ற 1875-ஆம் ஆண்டுச் சட்டம் 1883-ல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எதிர்த்தவர் ஹார்லன் ஒருவரே. அந்தக் குறிப்பை எழுத முடியாமல் அவர் தவித்தபோது, மனைவி மால்வினா ஒரு காரியம் செய்தார். கறுப்பர்கள் குடிமக்களே அல்லர் என்று 1857-ல் தீர்ப்பளித்த தலைமை நீதிபதி டானியின் மைக்கூடு அவர்கள் வீட்டில் இருந்தது. அதைத் துடைத்து, மை நிரப்பி, கணவரின் மேஜை மேல் வைத்தார். அதன் பின் பேனா தடையின்றி ஓடியதாக அந்த அம்மையாரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

1892-ல் லூயிசியானாவில் ஹோமர் ப்ளெஸ்ஸி என்பவர் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் அமர்ந்ததற்காகக் கைதானார். தனிப் பெட்டி என்பது இழிவு ஆகாது என்று 1896-ல் ஏழு நீதிபதிகள் கூறினர். ஹார்லன் மட்டும், அரசியல் சட்டத்தின் கண்ணுக்கு நிறம் தெரியாது என்றும், அந்தத் தீர்ப்பு பெரும் தீங்காக முடியும் என்றும் எழுதினார்.

அவரும் குறையற்றவர் அல்லர். அதே குறிப்பில் சீனர்களைப் பற்றித் தாழ்வாகவே எழுதினார். 1898-ல், அமெரிக்க மண்ணில் பிறந்த சீனப் பெற்றோரின் மகனுக்குக் குடியுரிமை உண்டு என்ற தீர்ப்பையும் எதிர்த்தார். 1899-ல் ஜார்ஜியாவில் கறுப்பர்களின் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்ட வழக்கில், அவர்களுக்குப் பாதகமான தீர்ப்பை எழுதியவரும் அவரே. ஒரு விஷயத்தில் தெளிவாகப் பார்த்த கண், பக்கத்திலிருந்த மற்றொன்றைக் காணவில்லை.

ஏறத்தாழ 34 ஆண்டுகள் நீதிபதியாக இருந்து, 1911-ல் காலமானார். அப்போது அவருடைய கருத்து தோற்ற கருத்தாகவே இருந்தது. 1954-ல் பிரவுன் வழக்கில், பள்ளிகளில் நிறத்தின்படி பிரித்து வைப்பது செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2022-ல் லூயிசியானா கவர்னர், மறைந்த ப்ளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கினார்.

பலன் தம் காலத்தில் கிட்டாது என்று தெரிந்தும், காரணங்களை ஒழுங்காக எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார் ஹார்லன். பின்னால் வந்தவர்கள் எடுத்துப் பார்க்க, அது பதிவில் இருந்தது.